சரத்தை முதலில் பார்ப்பவர்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். விடியும் முன்பே கம்பம், தேவாரம், போடி வட்டாரத்து ஊர்களிலிருந்து தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களின் வீடுகளிலும் இந்த உரை ஒலிக்கும் என்று நம்புகிறேன். புதுமை காணும் பண்பாடு எப்படி வேரூன்றுகிறது என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். வேளாண்மைப் பணியிலேயே காலம் கழித்த நான், அதை ஏலச்செடியைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

இன்று மலையில் பெரும்பாலும் நிற்கும் ஞள்ளானி ரகம் அரசு ஆய்வு நிலையத்தில் பிறந்ததன்று. கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, தம் தோட்டத்தில் தேனீ வளர்த்து, மற்றவற்றைவிடச் சிறந்து காய்த்த செடியை அடையாளம் கண்டு, பல போகங்கள் பொறுத்திருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. ஏலப்பூ விடியலில் மலர்ந்து ஒரே நாளில் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். அந்தத் தேனீயே செடிக்குச் செடி மகரந்தத்தைக் கலந்துவிடுவதால், விதையில் முளைக்கும் கன்று தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே அவர் நல்ல செடியின் தூரைப் பிரித்து நட்டுப் பெருக்கினார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை பின்னாளில் அவரைப் பாராட்டியது; ஆனால் அதற்கு முன்பே தோட்டக்காரர்கள் கன்று கேட்டு அவரிடம் போய்விட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது காலம். நட்ட ஏலம் காய்ப்புக்கு வரவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரே போகத்தில் பலன் காட்டு என்று நெருக்குகிற இடத்தில் எந்தச் சோதனையும் முளைவிடாது. சோதனைக்கென்று ஒரு வரிசைத் தட்டையை, அதாவது ஏலச்செடிகளை, ஒதுக்கி, அது காய்க்காமல் போனாலும் யாரையும் கடிந்துகொள்ளாத மனம் முதலாளிக்கு வேண்டும். இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இன்றும் சொல்கிறேன்: ஒரு வரிசையை விட்டுக்கொடுங்கள்.

இன்னொன்று, கேட்கும் பழக்கம். ஒரு தோட்டத்தில், பல ஆண்டுகளாகக் காய் எடுத்துவந்த ஓர் அம்மாவிடம், எந்தப் பக்கம் காய் அதிகம் என்று விசாரித்தேன். அவர் என்னை ஒரு சரிவுக்கு அழைத்துப்போய்க் குனிந்து, தட்டையின் அடியில் தரையோடு படர்ந்திருந்த சரத்தை, அதாவது பூவும் காயும் பிடிக்கும் தண்டைக் காட்டினார். பாதிச் சரத்தைச் சருகு மூடியிருந்தது; மூடிய பகுதியில் பூ உதிர்ந்த காம்புகள், வெளியே தெரிந்த பகுதியில் கொத்துக் கொத்தாய்க் காய்கள். "சருகை ஒதுக்கிவிட்டா ஈ உள்ள வரும் சார், காய் பிடிக்கும். மூடிக் கெடந்தா எங்க பிடிக்கும்?" என்றார். பூக்கும் பருவத்துக்கு முன் சருகை விலக்கித் தேனீக்கு வழிவிடுங்கள் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைப்பதும் இதையேதான். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னதாகவும், வந்த வேலையைப் பார் என்று பதில் கிடைத்ததாகவும் கூறினார். அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லையாம். சரத்தை நாள்தோறும் கைவிரலால் தொடுகிறவர் அவர். அவருடைய பேச்சு நின்றுபோனால், தோட்டத்துக்குக் கண் போனதற்குச் சமம்.

டொயோட்டா நிறுவனம் 1951ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்களிடமிருந்து யோசனைகளைப் பெறும் முறையைத் தொடங்கிவிட்டது. பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்துத் தயாரிப்பு வரிசையையே நிறுத்தலாம் என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. அந்தக் கயிற்றை இழுத்தவரிடம் என்ன கண்டாய் என்று உடனே வந்து விசாரிக்கிறார்கள் என்பதே அந்த முறையின் உயிர். நம் தோட்டங்களில் காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் பச்சைக்காய் எடைபோடும் வேளையில், கணக்கு எழுதுகிற அதே நோட்டில், இன்று புதிதாக என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுச் சொன்னவர் பெயரோடு ஒரு வரி எழுதிவைக்கலாம். பெயரை எழுதுவது முக்கியம். சொன்னது பலித்தால் பெயரைச் சொல்லிக் கூலியோடு சேர்த்து ஒரு தொகையும் தர வேண்டும். பலிக்காவிட்டால் ஏன் பலிக்கவில்லை என்பதை அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். பதில் வராத யோசனைப் பெட்டிகள் எத்தனையோ அலுவலகச் சுவர்களில் தொங்குவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள்.

பள்ளிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மாணவர்கள் தாங்களே கருவிகள் செய்து பார்க்க மத்திய அரசுத் திட்டத்தில் அமைந்த அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள், மழை நாளில் வழுக்கும் சரிவில் காய்ச்சாக்கைச் சுமந்து இறங்குவதில் என்ன சிரமம் என்று வீட்டிலே கேட்டுவரும்படி பிள்ளைகளை அனுப்பி, அவர்கள் கொண்டுவரும் பதிலிலிருந்து முதல் வகுப்பைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.