முதலில் வந்தவர்களின் இணையம்

வணக்கம். இந்திய அரசியலை இணையத்தில் பேசுகிற இடங்களில் தீவிர வலதுசாரிக் குரல்தான் பெரும்பாலும் ஓங்கிக் கேட்கிறது. இந்தியர்களின் மனசே அப்படித்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2014 தேர்தலில் பாஜக வாங்கியது 31 சதவீத வாக்கு, 2019இல் 37 சதவீதம். அப்படி வாக்களித்தவர்கள் எல்லாரும் வெறுப்பைப் பரப்புகிறவர்களும் அல்ல. ஆக, நாட்டைவிட இணையம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. ஏன்?

உள்ளே முதலில் வந்தவர்கள் யார் என்று பாருங்கள். அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. தொலைபேசி, கணினி, ஆங்கிலம் மூன்றும் இருந்த வீடு என்றால், பெரும்பாலும் அது நகரத்து மேல்சாதி நடுத்தர வர்க்க வீடு. அதற்கும் முன்பே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்த இந்திய மாணவர்கள் யூஸ்நெட் என்ற அந்தக்கால இணைய விவாதக் குழுக்களில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1990இல் பிற்படுத்தப்பட்டோருக்கான மண்டல் இட ஒதுக்கீட்டு அறிவிப்பு, 1992இல் பாபர் மசூதி இடிப்பு. இரண்டின் சூடும் ஆறாத தலைமுறை அது. இட ஒதுக்கீட்டின் மேல் கோபம் ஒரு பக்கம். அந்நிய மண்ணில் சிறுபான்மையாக வாழும்போது வருகிற அடையாள ஏக்கம் மறுபக்கம். இரண்டுக்கும் இந்துத்துவம் பதில் வைத்திருந்தது. பின்னால் வந்தவர்கள், அவர்கள் பழக்கிவைத்த பேச்சுக்குள்தான் வந்து சேர்ந்தார்கள். பெண்கள் இன்னும் பின்னால். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம்.

ஆனால் முதலில் வந்ததால் மட்டும் ஆதிக்கம் நிலைத்துவிடாது. நிலைக்க வைத்தது அமைப்பு. பாஜக தன் தகவல் தொழில்நுட்பப் பிரிவை 2007இலேயே தொடங்கிவிட்டது. அதற்குக் கீழே 1925 முதல் வளர்ந்த ஆர்.எஸ்.எஸ். கிளைகள், வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் என்று கட்சி ஏற்பாடு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபோது, புதிதாகக் கைபேசி எடுத்தவர்களைச் சேர்த்துக்கொள்ளக் குழுக்கள் தயாராக இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 32 லட்சம் பேர் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பதாகவும், உண்மையோ பொய்யோ எந்தச் செய்தியையும் மக்களிடம் கொண்டுசேர்க்கத் தங்களால் முடியும் என்றும் அன்றைய பாஜக தலைவர் அமித் ஷா 2018இல் ராஜஸ்தானின் கோட்டா நகரில் தொண்டர்களிடம் பேசினார்.

வேலை நடக்கும் விதம் இது. மேலே வாசகமோ படமோ தயாராகும். மாநிலம், மாவட்டம், பூத் (வாக்குச்சாவடி) என்று இறங்கும். பூத் குழுவில் இருக்கும் தெருக்காரர் அதைத் தன் குடும்பக் குழுவில் போடுவார். அங்கே அது கட்சிச் செய்தி அல்ல, சித்தப்பா அனுப்பியது. நம்பிக்கை பிறப்பது இந்தக் கடைசிப் படியில்தான். வதந்தியால் நடந்த கும்பல் கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. அப்போது ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குழு என்றாலே 1,280 பேர். 2020இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒருமுறைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். அதற்கும் வழி இருந்தது. வீடியோவைக் கைபேசியில் சேமித்து, புதிதாகப் பதிவேற்றினால், பலமுறை கைமாறியது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி மறைந்துவிடும். கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) ட்ரெண்டிங் செய்வதும் இப்படித்தான். ஹேஷ்டேகும் வாசகங்களும் எழுதிய பொது ஆவணம் ஒன்று சுற்றுக்கு வரும். ஆட்கள் நகலெடுத்துப் போடுவார்கள். 2019 பிப்ரவரியில் அப்படி ஓர் ஆவணம் யார் வேண்டுமானாலும் திருத்தும்படி திறந்து கிடந்தது. செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் ஆல்ட் நியூஸ் தளத்தின் பிரதிக் சின்ஹா அதில் வாசகங்களை மாற்றி வைத்தார். மோடி அரசுக்கு நடுத்தர வர்க்கத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்ற பொருளில், அன்றைய மத்திய இணையமைச்சர் பொன். ராதாகிருஷ்ணனின் கணக்கிலேயே பதிவு வந்தது. படித்துப் பார்க்காமல் ஒட்டப்படுவதைத்தான் நாம் மக்கள் கருத்து என்று எண்ணிக்கொள்கிறோம்.

நிறுவனங்களின் பங்கும் சிறிதல்ல. 2019 பிப்ரவரியில் ஃபேஸ்புக் ஊழியர் ஒருவர், இந்தியப் பயனர் போல ஒரு சோதனைக் கணக்கு திறந்து, தளம் பரிந்துரைத்ததை மட்டும் பின்தொடர்ந்தார். காஷ்மீரில் துணை ராணுவத்தினர் மீது புல்வாமா தாக்குதல் நடந்த நேரம். மூன்றே வாரத்தில் பக்கம் முழுக்க வெறுப்பும் பொய்யும் பிணங்களின் படங்களும். 2021இல் வெளியான உள் ஆவணங்கள் இன்னொன்றையும் காட்டின: இந்தியிலும் வங்காளத்திலும் வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிக்கும் கருவிகள் போதுமான அளவில் இல்லை. ஆங்கிலத்தில் நீக்கப்பட்டது இந்தியில் தங்கிவிட்டது.

இன்று காங்கிரஸ், திமுக, திரிணாமூல் எல்லாவற்றுக்கும் ஐடி விங் உண்டு. தமிழில் இந்தச் சாய்வு வேறு மாதிரி இருப்பதற்கும் காரணம் அமைப்புதான்; திராவிட இயக்கத்துக்குப் படித்த, எழுதப் பழகிய தொண்டர் படை ஏற்கெனவே இருந்தது. ஆனால் மொழி எல்லை தாண்டும்போது அந்தக் காப்பு வேலை செய்வதில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் வடக்கே பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த தகராறு, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்க்க வேண்டிய அளவுக்குப் போனது. தமிழில் எத்தனை மறுப்பு எழுதியிருந்தாலும், பாட்னாவில் பிள்ளையின் போனுக்காகக் காத்திருந்த தாய்க்கு அது எட்டியிருக்காது. வதந்தி இந்தியில் போனால் மறுப்பும் அதே நாளில், இந்தியில், அதே குழுக்களுக்குள் போக வேண்டும்.