கேமரன் மலையில் படம் பிடிக்க வருகிறீர்களா? முதலில் மூடுபனியின் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

[காட்சி: அரை இருட்டு. லேண்ட் ரோவரின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் தேயிலைச் செடிகள்.]

வணக்கம். இப்போது காலை ஆறரை மணி. நான் நிற்பது கேமரன் மலையில், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைச் சரிவில். ஆறரைக்கும் இவ்வளவு இருட்டா என்று தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்கள் கேட்பீர்கள். மலேசியாவின் இந்தப் பக்கத்தில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். படக்குழு ஒன்று ஐந்து மணிக்கே வந்து இரண்டு மணி நேரம் குளிரில் நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேமரன் மலை என்றதும் எல்லோரும் பச்சையைத்தான் பேசுவார்கள். பச்சை மூணாறிலும் உண்டு, நுவரெலியாவிலும் உண்டு. இந்த ஊர் கேமராவுக்குத் தருகிற பெரிய சொத்து, ஒரே சரிவு ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு முகம் காட்டுவதுதான்.

[காட்சி: பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை மூட்டம். மெல்ல மேலே எழுகிறது.]

இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்குவதால் விடியலில் கீழே பால் ஊற்றியதுபோல் மூட்டம் நிற்கும். வெயில் பட்டதும் அது சரிவைத் தடவிக்கொண்டு மேலேறும். சூரியன் எதிரே இருக்கும்படி கேமராவை வைத்தால், இளங்கொழுந்துகள் மட்டும் உள்ளே விளக்கு ஏற்றியதுபோல் மின்னும். முற்றிய இலைகள் கறுத்துப் பின்வாங்கிவிடும். ஆனால் நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் செங்குத்தாக ஏறுகிறது. அந்த மஞ்சள் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். நடிகருக்கு ஒப்பனை முடியட்டும் என்று காத்திருந்தால் வெளிச்சம் கை நழுவிப் போகும்.

மதியத்துக்கு மேல் கதை மாறும். கீழே தாப்பா பக்கத்திலிருந்து ஈரக் காற்று மலையேறி மேகமாகும், பல நாள்களில் மழையாகும். அதனால் வெளிப்புறக் காட்சிகளைக் காலையில் முடித்துவிட்டு, வீட்டுக்குள் எடுக்கவேண்டியதைப் பிற்பகலுக்கு வையுங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் காட்சியை மூட்டத்தில் எடுப்பதானால் இரண்டு கேமராவோடு வாருங்கள். ஒருவர் முகத்தை எடுத்து முடித்து, அடுத்தவர் பக்கம் திரும்புவதற்குள் பின்னால் இருந்த மலையே காணாமல் போயிருக்கும்.

அப்புறம், தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்துவது வரை எல்லாமே கேமராவுக்கு விருந்துதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குளிரில் கிடந்த கேமராவை உலர்த்தும் அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூத்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடியும் பூக்கும். பையை மூடியபடியே உள்ளே வைத்து, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். அதற்குள் ஒரு தேநீர் குடிக்கலாம்.

[காட்சி: கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக ஒரு பழைய கட்டடம்.]

பழைய காலக் கதை எடுப்பவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தது 1885-இல். போ (BOH) தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929-இல். அதன் பிறகு ஆங்கிலேயர்கள் கட்டிய விடுதிகளும் பங்களாக்களும் தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் இன்னும் நிற்கின்றன. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர்பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச்சில் அப்படி ஒரு பங்களாவிலிருந்து வெளியே நடந்து போனவர்தான். இன்றுவரை தடயமே இல்லை. ஆவணப்படக்காரர்கள் அந்தக் கதையைத் தேடி வருவதில் ஆச்சரியமில்லை.

பழைய லேண்ட் ரோவர்களை வேறெங்கும் தேடவேண்டாம். காய்கறித் தோட்டக்காரர்கள் அவற்றில்தான் இன்னமும் முட்டைக்கோஸ் ஏற்றுகிறார்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் சேற்றைக் கழுவிவிடாதீர்கள், அதுதான் அழகு.

ஆனால் ஒரு பெரிய தொல்லையும் உண்டு. சரிவுகள் நெடுக பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறி, ஸ்ட்ராபெரி கூடாரங்கள். டிரோனை உயரே ஏற்றினால் பள்ளத்தாக்கே வெள்ளித்தாள் சுற்றியதுபோல் தெரியும். பழைய காலத்தைக் காட்டுபவர்கள் கேமராவைத் தாழ்வாக வைத்து, தேயிலை வரிசைகளாலேயே சட்டத்தை நிரப்பிவிடுங்கள். என்னைக் கேட்டால், இன்றைய கதை எடுப்பவர்கள் அந்தக் கூடாரங்களையும் காட்டவேண்டும். இந்த ஊர் பிழைப்பது அவற்றாலும்தான்.

குனோங் பிரிஞ்சாங் சிகரம் 2000 மீட்டருக்கு மேல் உயரம். அதன் பாசிக்காட்டுக்குப் போனால் நடைபாதைப் பலகையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட பாசி லேசில் திரும்ப வளராது.

அனுமதி விஷயம் சுருக்கமாக. தோட்டங்கள் தனியார் நிலம், எழுத்தில் அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் குழு என்றால், வெளிநாட்டுப் படப்பிடிப்பு விண்ணப்பங்களைக் கவனிக்கும் புஸ்பால் என்ற அரசுக் குழு வழியாக விண்ணப்பிக்கவேண்டும். டிரோனுக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு நில அளவைத் துறையின் அனுமதியும் தேவை. தகுதிபெறும் தயாரிப்புகளுக்கு இங்கே செய்யும் செலவில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் ஊக்கத்தொகைத் திட்டத்தை மலேசியத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸ் நடத்துகிறது, அவர்களிடம் கேளுங்கள். ஜெனரேட்டர் லாரிகளுக்குத் தாப்பா சாலையின் வளைவுகளைவிட சிம்பாங் பூலாய் வழி நல்லது. பள்ளி விடுமுறையில் மட்டும் வந்துவிடாதீர்கள். பிரிஞ்சாங் சாலையில் வண்டிகள் நகராது.

[காட்சி: சுருக்கம் விழுந்த இரண்டு விரல்கள் ஒரு கொழுந்தைக் கிள்ளுகின்றன.]

நான் வழிகாட்டப் போன ஒரு குறும்படத்தில், கதாநாயகி கொழுந்து பறிக்கும் காட்சி. பாவம், அந்தப் பெண் முற்றிய இலையை முரட்டுத்தனமாக உருவிக்கொண்டிருந்தார். லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலில் நின்று பார்த்த ஒரு பாட்டிக்குப் பொறுக்கவில்லை. நேரே வந்து அவர் கையைப் பிடித்து, "ரெண்டு இலை, ஒரு குருத்து. அவ்வளவுதாம்மா. நகம் படக்கூடாது, விரலாலே ஒடிக்கணும்" என்று காட்டிக்கொடுத்தார். படத்தின் மிக நல்ல ஷாட் அந்தப் பாட்டியின் விரல்கள்தான்.

இன்று சரிவில் பெரும்பாலும் வங்காளதேசத்து, நேப்பாளத் தொழிலாளர்கள்தான் வெட்டுகிறார்கள். அதுவும் கத்தரியாலும் இயந்திரத்தாலும். கையால் பறித்த தலைமுறைத் தமிழர்கள் வயதாகி வீட்டில் இருக்கிறார்கள். எந்த ஆண்டில் நடக்கும் கதை என்பதைப் பொறுத்து யார் கையில் என்ன இருக்கவேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். சந்தேகம் இருந்தால் லயத்தில் போய்க் கேளுங்கள். பசியாறச் சொல்லி உட்கார வைத்து எல்லாம் சொல்வார்கள். பிரட்டு என்கிற காலை ஆள்கணக்கு எத்தனை மணிக்கு, வேலையை மேற்பார்க்கும் கங்காணி எங்கே நிற்பார், கூடையை எந்தத் தோளில் மாட்டுவது என்று எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத விவரம் அது.

அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். முகம் தெரிய எடுப்பதானால் முன்கூட்டியே கேளுங்கள். எடுத்த படத்தில் ஒன்றையாவது அச்சுப்போட்டு அனுப்புங்கள். அந்தக் குறும்படக் குழு அனுப்புகிறோம் என்று சொல்லிப் போனதோடு சரி. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பாட்டி கேட்கிறார்: "அன்னிக்கு என் கையை எடுத்தாங்களே, அந்தப் படம் வந்துச்சா தம்பி?"