வழக்கு என்னும் சொல்

பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் கடற்கரையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதி வருகிறேன். சட்டச் சொற்களும் வணிகச் சொற்களும் அன்றும் இன்றும் என்ன பொருளில் வழங்கின என்று பேசச் சொன்னீர்கள். ‘வழக்கு’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

வழக்கு என்றால் ஊரார் பேசியும் செய்தும் வருவது. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கணத்தில் படித்தோமே, அந்தப் பொருள். நீதிமன்றத்தில் தொடுப்பதற்கும் அதே பெயர்தான். இந்த இரண்டும் நேருக்கு நேர் நின்றது நம் சேது நாட்டில். கணவர் அனுமதி சொல்லாமலே இறந்துவிட்ட நிலையில், இராமநாதபுரம் ராணி பங்காளிகளின் சம்மதத்தோடு ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார். அது செல்லாது என்று மதுரைக் கலெக்டர் எதிர்த்தார். அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த விவகாரத்தில், சுவீகாரம் செல்லும் என்று 1868இல் தீர்ப்பு வந்தது. இந்து தருமச் சட்டத்தைப் பொறுத்தவரை, தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுதி வைத்த வாசகத்தைக் காட்டிலும் கனமானது என்று அத்தீர்ப்பு சொன்னது. இந்தியா முழுவதும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் நம் ஊரின் பெயரால் அதைப் படிக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஊர் வழக்கத்துக்குச் சட்டம் காது கொடுக்கும் இடம் இன்னொன்று உண்டு. அதை விடியற்காலையில் நம் கரையிலேயே பார்க்கலாம். ஈர மணலில் நண்டுப் பெட்டியை வைத்து, ஏலம் கூறுபவர் “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்று சொல்லி முடித்துப் பெட்டியின் விளிம்பில் கை வைத்தால் சரக்கு கைமாறிவிட்டது. பத்திரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஏலம் என்ற அந்தச் சொல் போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’ என்பதிலிருந்து வந்தது என்பது அறிஞர் கருத்து. சொல் கடல் கடந்து வந்தாலும் முறை நம்முடையதாகிவிட்டது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவில், சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ அறிவித்தவுடன் ஏல விற்பனை முடிகிறது என்றும், அதற்கு முன்பு வரை ஏலம் கேட்டவர் தாம் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம் என்றும் உள்ளது. ‘வழக்கமான வேறு முறை’ என்ற அந்தத் தொடருக்குள் நம் மூன்றாம் தரமும் அடங்கும்.

வீடும் நிலமும் அப்படி அல்ல. உரிமையை நாட்ட ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று மூன்று வழிகளைப் பெரியபுராணத்தில் சுந்தரர் வழக்கை விசாரித்த சபை கேட்கிறது. அனுபவம், பத்திரம், சாட்சி என்று இன்று நாம் சொல்வதும் அவைதாம். ஆவணம் என்பதற்குப் பழைய நூல்களில் கடைவீதி என்றும் பொருள் உண்டு. குறளில் இலாபத்தைக் குறித்த ‘ஊதியம்’ இன்று சம்பளமாகிவிட்டது. இப்படிப் பொருள் மாறுவதால் யாருக்கும் நட்டமில்லை. ஒரே காலத்தில், ஒரே சொல்லுக்கு வீட்டில் ஒரு பொருளும் பதிவு அலுவலகத்தில் வேறொரு பொருளும் இருக்கும்போதுதான் குடும்பங்கள் நொடிக்கின்றன.

‘ஒத்தி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கியத்தில் ஒற்றி. நம் பக்கத்தில் இரண்டு மூன்று இலட்சம் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, வெளியேறும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதை ஒத்தி என்கிறோம். அதை வாடகைக்கு உடன்பிறந்தது போல எண்ணி, ஒரு முத்திரைத்தாளில் நாலு வரி எழுதி முடித்துவிடுகிறோம். சட்டம் அதை வாடகையாகப் பார்ப்பதில்லை. அனுபவ அடமானமாகப் பார்க்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ கொடுத்து இப்படி அடமானம் பெறுவதானால், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு அது பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இல்லையென்றால், அந்த வீட்டின் மேல் உங்களுக்கு அடமான உரிமை பிறப்பதில்லை. கைமாற்றுக் கொடுத்தவரைப் போலப் பணத்துக்கு மட்டும் அலைய வேண்டும். பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றிலும் அது ஏறும். வில்லங்கம் என்றால் நமக்குச் சண்டை, சிக்கல். அங்கே அது சொத்தின் மேல் பதிவாகியுள்ள பாத்தியதை. ‘வில்லங்கம் இருக்கிறது’ என்று கேட்டு ஒரு வீட்டுக்கு அஞ்சுகிறவர், பதிவு செய்யாத ஒத்திக்கு அஞ்சுவதில்லை.

இன்னொரு சொல் ‘விடுதலை’. சில ஆண்டுகளுக்கு முன், கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணை அவருடைய அண்ணன்மார் அழைத்து வந்தார்கள். தகப்பனார் சொந்தமாகச் சம்பாதித்த நிலம். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதில் மகளுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. விடுதலைப் பத்திரம் என்றதும், பழைய கடன் தொல்லையிலிருந்து குடும்பத்தை விடுவிக்கிற காகிதம் என்றே அந்த அம்மாள் நினைத்திருந்தார். ‘எனக்குள்ள பாகத்தை இன்று முதல் விடுதலை செய்து கொடுத்தேன்’ என்ற வரியை நான் உரக்க வாசித்தேன். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “ஐயா, என்னைய விடுதலை பண்றாகளா, இல்ல நான் விடுதலை பண்றேனா?”

நீங்கள்தான் அம்மா, உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்றேன். அவர் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு மூத்த அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலை குனிந்திருந்தார். அன்று அந்தப் பத்திரம் எழுதப்படவில்லை. மறுமாதம் மூவரும் திரும்பி வந்தார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினோம். பனை மரங்கள் நிற்கிற கிழக்குத் துண்டு அந்த அம்மாள் பெயருக்கு வந்தது.