முதுகில் விழும் நெல்லை எண்ணியவர்

(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களிடம், ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி தங்கைகளுக்கு வணக்கம். கவனத்தைச் சிதறவிடாதே என்று உங்களுக்குச் சொல்ல இன்னொரு ஆள் தேவையில்லை, வீட்டில் அம்மா தொடங்கி கோச்சிங் சென்டர் வாத்தியார் வரை எல்லோரும் சொல்லிச் சலித்திருப்பார்கள். அதனால் நான் சிதறடிப்பதற்கென்றே மேடை போட்டவர்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நாகர்கோவில் இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், பொதுத்தமிழில் வருவார். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம், அதாவது ஒரே அமர்வில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்துப் பதில் சொல்லும் கலையை, செய்து காட்டியவர். அவதானம் என்றால் சும்மா இல்லை. ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குப் போடச் சொல்வார், ஒருவர் தேதியைச் சொல்லிக் கிழமை கேட்பார், நடுநடுவே ஒருவர் மணியடிப்பார், இன்னொருவர் பின்னால் நின்றுகொண்டு முதுகில் நெல்லை எறிந்துகொண்டே இருப்பார். கடைசியில் மணி எத்தனை, நெல் எத்தனை என்றும் சொல்லியாக வேண்டும். தெலுங்குக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அப்ரஸ்துத பிரசங்கம் என்று தனியாக ஓர் இருக்கையே போட்டிருக்கிறார்கள். அதில் உட்காருபவரின் வேலை சம்பந்தமில்லாமல் பேசிக் கழுத்தறுப்பது, அவ்வளவுதான். அவதானி செய்யுளில் முக்கால்வாசி தூரம் வந்திருக்கும்போது "ஐயா, இன்னைக்கு வீட்டுல என்ன குழம்பு?" என்பார். சபை சிரிக்கிற மாதிரி பதிலும் சொல்ல வேண்டும், விட்ட எழுத்திலிருந்து தொடரவும் வேண்டும்.

இதைக் கேட்டதும் "அட, அந்தக் காலத்து மல்டிடாஸ்கிங்!" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெலுங்கு அவதானத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் சுற்றில் செய்யுள் கேட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அடி, அடுத்த சுற்றில் அடுத்த அடி, இப்படி நாலு சுற்று முடிந்ததும் எல்லாச் செய்யுளையும் மொத்தமாகத் திருப்பிச் சொல்வது. அதற்குத் தாரணை என்று பெயர். ஒரே நொடியில் எல்லா வேலையும் நடக்கவில்லை. ஒன்றை ஓர் அடியில் நிறுத்தி, எங்கே நிறுத்தினோம் என்று அடையாளம் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். குறுக்கே பேசுகிறவருக்குக்கூட சபையில் ஓர் இடம் உண்டு, எங்கிருந்து இடையூறு வரும் என்பது முன்பே தெரியும்.

இப்போது இந்த நூலகத்து மேசைக்கு வாருங்கள். காலை பதினொரு மணி, அரசமைப்புச் சட்டத்தில் அடிப்படை உரிமைகள், பக்கத்தில் கவிழ்த்து வைத்த போன். டெலிகிராம் குரூப்பில் எவனோ ஒருவன் "இந்தத் தடவை கட்-ஆஃப் எகிறப் போகுது" என்று போடுகிறான். பார்க்க ஐந்து விநாடி ஆகுமா? போனை மறுபடி கவிழ்த்துவிட்டுப் புத்தகத்தைப் பார்க்கிறீர்கள், கண் 19ஆவது பிரிவின் மேல் இருக்கிறது, மனம் போன வருடம் தவறவிட்ட மார்க்கை எண்ணிக்கொண்டிருக்கிறது. சோஃபி லெராய் என்கிற ஆய்வாளர் 2009இல் இதைத்தான் எழுதினார்: ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பின்னர் அவரே இன்னொருவரோடு சேர்ந்து ஒரு வழியும் சோதித்துப் பார்த்தார். எழுந்து போவதற்கு முன், எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் என்ன செய்யணும் என்று ஒரு வரி குறித்துவைத்தால் அந்த ஒட்டல் குறைகிறது. அவதானி மனசில் வைத்த அடையாளத்தை நாம் பென்சிலில் வைக்கிறோம்.

மனநிலைக்கு வருகிறேன், இதைத்தான் நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. குளோரியா மார்க்கும் கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்களை உட்காரவைத்து மின்னஞ்சல் வேலை கொடுத்து, குறுக்கே குறுக்கே தொந்தரவும் செய்தார்கள். தொந்தரவுக்கு ஆளானவர்கள் வேலையை வேகமாகவே முடித்துவிட்டார்கள், தரமும் கெடவில்லை. ஆனால் எரிச்சல், அழுத்தம், அவசரம் எல்லாம் ஏறியிருந்தது. அதாவது வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, நாள் முழுக்கப் படித்தேன், ஏன் இப்படிக் கடுகடு என்று இருக்கிறேன் என்று உங்களுக்கும் புரியாது, ராத்திரி சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று அம்மா மேல் பாய்வீர்கள்.

பாவலரைப் பற்றிச் சொல்லப்படும் இன்னொரு கதையும் உண்டு. இஸ்லாமியரான அவரிடம் 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஈற்றடி கொடுத்தார்களாம். சீண்டல்தான், வேறென்ன! அவர் ராமனின் தம்பிகள் பெயரை அடுக்கி வந்து, முந்தைய அடியின் கடைசியில் 'சத்' என்று நிறுத்தினார். சத்துருக்கனுக்கு ராமன் துணை. கோபத்தைக் கொஞ்சம் உள்ளே விட்டிருந்தாலும் அந்த 'சத்' வந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, சிதறல் எல்லாமே விஷமா? இல்லை. தடுப்பூசி போடும் நர்ஸம்மா குழந்தையிடம் "அங்க பாரு, காக்கா!" என்பது அசல் மருத்துவம். சியாட்டிலில் ஹண்டர் ஹாஃப்மன் குழுவினர் தீக்காயக்காரர்களுக்குக் கட்டு மாற்றும்போது பனிப்பந்து எறியும் மெய்நிகர் விளையாட்டு கொடுத்தார்கள். வலி நன்றாகவே குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். உளவியலாளர் வால்டர் மிஷெலின் மிட்டாய்ச் சோதனையிலும் அப்படித்தான், உடனே சாப்பிடாமல் காத்திருந்தால் பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். மிட்டாயையே முறைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சீக்கிரம் தோற்றார்கள், பாட்டுப் பாடி விளையாடி வேறெதையோ நினைத்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். தேர்வு முடிவு வந்த அன்று ஒரே நினைப்பை அரைத்துக்கொண்டு அறையில் கிடப்பவனை ஷட்டில் ஆட இழுத்துக்கொண்டு போகும் நண்பன் பெரிய உதவி செய்கிறான். போகட்டும், அன்றைக்குப் படிப்பைப் பற்றிப் பேசாதீர்கள்.

ஆனால் போனை ஒளித்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் 2,250 பேரை நாளின் நடுவில் திடீர் திடீரென்று கேட்டுப் பார்த்ததில், 46.9 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. இனிமையான விஷயத்துக்கு ஓடியவர்கள்கூட வேலையில் இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இல்லை, கசப்பான நினைப்புக்கு ஓடியவர்கள் நிலைமை இன்னும் மோசம்.

பின்வரிசையிலிருந்து ஒரு தங்கை, பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கலாமா என்று கேட்டார். வரி உள்ள பாட்டு வாசிப்போடு மல்லுக்கு நிற்கும், இரண்டும் சொல் அல்லவா. மேப் வரையும்போது, பழகிப்போன கணக்கைத் திரும்பப் போடும்போது கேளுங்கள், பெரிய நஷ்டமில்லை. புதிதாக ஒன்றைப் படிக்கும்போது வேண்டாம். உங்களுக்குப் பிடித்த பாட்டாக இருந்தால் கட்டாயம் வேண்டாம், கூடவே பாட ஆரம்பித்துவிடுவீர்கள்.