கூழுக்கும் மீசைக்கும் நடுவே ஒரு கார்

அவைக்கு வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகம் செய்யும்போது, "ஐயா இன்று ஒரு காரைப் பற்றிப் பேசுவார்" என்றார். பாதி சரி. நான் பேச வந்தது ஒரு லாரி கம்பெனியைப் பற்றி. அதுவும் அரசாங்க லாரி கம்பெனி. நடுவில் ஏழு வருஷம் அதற்கு என்னமோ ஆகி, உலகத்திலேயே நுட்பமான கார் ஒன்றைச் செய்து பார்த்தது. பிறகு எதுவுமே நடக்காதது போல மறுபடியும் லாரிக்கே போய்விட்டது. ஸ்பெயின் நாட்டில் நடந்தது இது. காரின் பெயர் பெகாசோ இசட்-102. 1951இல் வெளியே வந்தது, 1958இல் நின்றது. மொத்தம் செய்தது சுமார் 85. ஆயிரம் என்ற சொல்லை நான் விட்டுவிடவில்லை, வெறும் எண்பத்தைந்துதான்.

நான் முப்பது வருஷம் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஃபிட்டர் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன். காரின் வேகத்தைவிட, அதன் பல் சக்கரத்தை எந்தக் கை வெட்டியது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். இந்தப் பேச்சும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நாடு இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போர். ஜெயித்தவர் ஃபிராங்கோ, ராணுவத் தளபதி, சர்வாதிகாரி. போர் முடிந்த வருஷம் வந்த ரேஷன் அட்டை 1952 வரைக்கும் போகவில்லை. பதின்மூன்று வருஷம்! ரொட்டிக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை. பெட்ரோல் கிடைக்காமல் காருக்குப் பின்னால் ஒரு கொதிகலனைக் கட்டி, கரியை எரித்து அந்த வாயுவில் ஓட்டினார்கள். யுத்த காலத்தில் நம் ஊரிலும் கரி பஸ் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதே சங்கதிதான். ஹிட்லரோடும் முசோலினியோடும் கைகுலுக்கியவர் என்பதால் ஃபிராங்கோவை உலகம் தள்ளி வைத்தது. தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று 1946இல் ஐ.நா. சபையே சொன்னது. யுத்தத்தில் சிதைந்த ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த வந்த மார்ஷல் திட்டத்து அமெரிக்கப் பணம் அக்கம்பக்கத்து நாடுகளுக்கெல்லாம் பாய்ந்தபோது ஸ்பெயினுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

"யார் வேண்டும்? எல்லாம் நாமே செய்துகொள்வோம்" என்றது அரசு. அதற்காக 1941இல் தேசியத் தொழில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். தலைவர் சுவான்செஸ், கப்பல் கட்டும் பொறியாளர், ஃபிராங்கோவின் ஊர்க்காரர், சிறு வயதுச் சிநேகிதர். அந்த நிறுவனத்தின் கீழ் 1946இல் லாரி செய்ய ஒரு கம்பெனி பிறந்தது. பெயர் எனாசா. லாரிகளுக்கு வைத்த பெயர் பெகாசோ. கிரேக்கப் புராணத்தின் பறக்கும் குதிரை. ஆனால் சின்னத்தில் இருந்த குதிரைக்கு இறக்கை கிடையாது! இறக்கை வைத்த குதிரை ஏற்கெனவே மொபில் எண்ணெய்க் கம்பெனியின் சின்னமாக இருந்ததுதான் காரணம் என்பார்கள். பறக்கும் குதிரை, ஆனால் இறக்கை இல்லை. இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது.

தொழிற்சாலை பார்சிலோனாவில், லா சாக்ரேரா என்ற பேட்டையில். புதிதாகக் கட்டியதல்ல, ஹிஸ்பானோ-சுய்சா கம்பெனியின் பழைய இடத்தை அரசு வாங்கியது. ஹிஸ்பானோ-சுய்சா சாதாரணப் பெயரில்லை. ஸ்பெயின் அரசர் பதின்மூன்றாம் அல்போன்சோ பெயரிலேயே ஒரு கார் செய்த கம்பெனி. விமான எஞ்சினிலும் பேர் போனது. அந்தக் கூரைக்குக் கீழே இனிமேல் லாரி. முதலில் வந்த லாரிக்கு ஜனங்கள் வைத்த செல்லப் பெயர் 'மோஃப்லேத்தெஸ்'. கன்னம் உப்பியவன் என்று அர்த்தம். முகப்பைப் பார்த்தால் தெரியும், வாய் நிறைய வெற்றிலை போட்ட மாதிரி இருக்கும்.

இப்போது நாயகர் வருகிறார். விஃப்ரெதோ ரிகார்ட். 1897இல் பார்சிலோனாவில் பிறந்தவர். இளமையில் சொந்தமாகக் கார் செய்து பார்த்தவர். போர் மூண்ட 1936இல் இத்தாலிக்குப் போய் ஆல்ஃபா ரோமியோவில் சேர்ந்தார். அங்கே பந்தயக் கார்களை வடிவமைத்தார். அங்கே இன்னொருவரும் இருந்தார், பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும்: என்சோ ஃபெராரி. இருவருக்கும் ஆகவே ஆகாது. ரிகார்ட் தடித்த ரப்பர் அடி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பாராம். ஏன் என்று கேட்டதற்கு, "பெரிய பொறியாளனின் மூளைக்குத் தரையின் அதிர்ச்சி ஏறக் கூடாது" என்றாராம். ஃபெராரி பிற்காலத்தில் இதை எழுதியே வைத்தார். ரிகார்ட் கிண்டலாகச் சொன்னதை ஃபெராரி நிஜமென்று எடுத்துக்கொண்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஃபெராரி அங்கிருந்து வெளியேறித் தனிக் கம்பெனி கண்டார். ரிகார்ட் யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பினார். லாரி கம்பெனி அவர் கைக்கு வந்தது.

சரி, லாரி கம்பெனிக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார்? ஃபெராரி கார்களின் சின்னமான துள்ளும் குதிரைக்கு மேலே தன் குதிரையைப் பறக்கவிட ஆசைப்பட்டார் என்று ஒரு கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மூன்று மணி நேரப் படம் எடுக்கலாம். ஆனால் ஒருவர் வஞ்சத்துக்கு ஓர் அரசாங்கம் ஏழு வருஷம் பணம் கட்டாது. நான் நம்பும் காரணம் வேறு. லாரி நன்றாக வர வேண்டுமானால் நல்ல டர்னர் வேண்டும், நல்ல ஃபிட்டர் வேண்டும், வார்ப்படம் ஊற்றத் தெரிந்தவன் வேண்டும். போரில் செத்தவர்கள், நாட்டை விட்டு ஓடியவர்கள் போக மிச்சம் எத்தனை பேர்? வெளியிலிருந்து உதிரி பாகம் வாங்கவும் வழியில்லை. எல்லாவற்றையும் உள்ளேயே செய்தாக வேண்டும். ஆகவே அப்ரண்டிஸ் பையன்களுக்கு ஒரு கடினமான வேலையைக் கொடுத்துப் பழக்க வேண்டும். அந்தக் கடினமான வேலைதான் இந்தக் கார்.

இதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். எங்கள் பட்டறைக்கு வரும் பையனுக்கு முதல் மாதத்தில் ஒரு இரும்புக் கட்டியையும் அரத்தையும் கொடுத்து "ராவு" என்போம். ராவி ராவிக் கை கொப்புளித்துவிடும். "சார், இதை யார் வாங்கப் போறா?" என்று ஒருவன் கேட்டான். யாரும் வாங்க மாட்டார்கள். கடைசியில் பழைய இரும்போடு போய்விடும். ஆனால் அவன் கை மட்டம் பிடித்துவிடும். பெகாசோ இசட்-102 என்பது ஒரு தேசம் ராவிய இரும்புக் கட்டி. கொஞ்சம் அதிகமாகவே பளபளப்பாகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த எஞ்சினைப் பாருங்கள். வி வடிவில் எட்டு சிலிண்டர். முதலில் இரண்டரை லிட்டர், பிறகு 2.8, பிறகு 3.2. உடல் அலுமினியக் கலவை. தலைக்கு மேலே, வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்ட் நான்கு. சாதாரணமாக இதைச் செயின் போட்டு ஓட்டுவார்கள். ரிகார்ட் செயின் வேண்டாம் என்றார். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து மேலே கேம்ஷாஃப்ட் வரைக்கும் பல் சக்கரம், அதற்கு மேல் பல் சக்கரம், வரிசையாக. ஒன்று ஒரு மயிரிழை பிசகினாலும் மொத்த வரிசையும் ஊளையிடும். கச்சிதமாகச் செய்தாலும் கொஞ்சம் ஊளையிடத்தான் செய்யும். இந்தக் கார் தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். புகைபோக்கி வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் வைத்தார்கள். சூட்டில் சோடியம் உருகி வால்வுக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கித் தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கடத்தும். விமான எஞ்சின் வித்தை அது.

கியர்பாக்ஸ் முன்னால் இல்லை, பின் அச்சோடு சேர்த்து வைத்தார்கள். முன்னால் எஞ்சின், பின்னால் கியர்பாக்ஸ், எடை இரண்டு பக்கமும் சமம். ஐந்து கியர்! 1951இல் மூன்றும் நான்கும்தான் வழக்கம். ஆனால் கியர் மாற்றும்போது பல் சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தித் தரும் சிங்க்ரோமெஷ் கிடையாது. வேகத்தைக் காதால் கேட்டு, சரியான நொடியில் போட வேண்டும். பழைய லாரியில் டபுள் கிளட்ச் போட்டுப் பழகிய அண்ணன்கள் இந்த அவையில் யாராவது இருந்தால், அவர்கள் கையில் கொடுத்திருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய கனவான்கள் பாடுதான் திண்டாட்டம்.

1951 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் இதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வந்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் நாட்டிலிருந்து இதுவா? அப்போது ரேஷன் அட்டை இன்னும் நடப்பில் இருந்தது என்பதை மறக்காதீர்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது நம் பழமொழி. இவர்கள் கூழைக் கீழே வைத்துவிட்டு மீசையை முறுக்கிக் காட்டினார்கள். "நாம் ஏழை நாடு, ஆகையால் பணக்காரர்களுக்கு நகை செய்வோம்" என்று ரிகார்ட் சொன்னதாகச் சொல்வார்கள். தட்டான் பேச்சு! தட்டான் வீட்டில் தங்கம் இருக்காது, கைத்திறன் இருக்கும்.

மேல்கூட்டைச் சிலவற்றுக்கு அவர்களே செய்தார்கள். சிலவற்றை மிலானில் டூரிங் நிறுவனத்துக்கும், பாரிசில் சவுச்சிக் நிறுவனத்துக்கும் அனுப்பினார்கள். எனக்குப் பிடித்தது 'கூப்புலா' என்ற கார். கூப்புலா என்றால் கும்மட்டம். பின்பக்கக் கண்ணாடி முழுவதும் கும்மட்டம் போல வளைந்திருக்கும். எதிர்காலக் கார் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லி அப்ரண்டிஸ் பையன்களிடம் காகிதத்தைக் கொடுத்தார்கள், அதிலிருந்து வந்ததுதான் இந்த வடிவம் என்பார்கள். 1953இல் நியூயார்க் கண்காட்சிக்குப் போனது. வாங்கியவர் யார் தெரியுமா? டொமினிக்கன் குடியரசின் ட்ருஹீயோ. அவரும் சர்வாதிகாரிதான். பையன்கள் கண்ட கனவு போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

பந்தயத்தில் ராசியில்லை. 1953இல் பிரான்சில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயமான லெ மானுக்குப் போனார்கள். பயிற்சி ஓட்டத்திலேயே ஜோவர் என்ற ஓட்டுநர் மோதிக்கொண்டார், அதோடு கட்டிக்கொண்டு வந்தாயிற்று. அடுத்த வருஷம் மெக்சிகோவின் நெடும்பந்தயத்திலும் விபத்து. எஞ்சினுக்கு ஈடாக பிரேக் இல்லை. அந்த வேகத்துக்கு டிரம் பிரேக் போதவில்லை.

ஒரே ஒரு நல்ல நாள். 1953 செப்டம்பர், பெல்ஜியத்தில் யாப்பெக் என்ற இடத்து நேர் சாலை. செல்சோ ஃபெர்னாண்டஸ் என்ற ஓட்டுநர். அதற்கென்றே செய்து கொண்டுவந்த விசேஷ வண்டியின் எஞ்சின் சதி செய்துவிட்டது. இருந்த இன்னொரு திறந்த காரில் ஏறி ஓட்டினார். ஏற்கெனவே வேகம் பிடித்த வண்டியை ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அளந்ததில் மணிக்கு 243.079 கிலோமீட்டர். இங்கிலாந்தின் ஜாகுவார் கார் வைத்திருந்த வேகத்தை முந்திவிட்டார்! ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 20ஆம் தேதி ஜாகுவார் அதே சாலைக்குத் திரும்பி வந்து 277 ஓட்டிவிட்டுப் போனது.

அதே செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. ஃபிராங்கோ அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டார். ராணுவத் தளத்துக்கு இடம் இவர்கள் தருவார்கள், உதவி அவர்கள் தருவார்கள். சாதனையைவிட இந்தக் கையெழுத்துதான் காரின் தலையெழுத்தை எழுதியது என்று நினைக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு நாமே செய்வோம் என்ற வீட்டில்தான் இந்தக் கார் பிறந்தது. என்ன செலவு என்று அங்கே கேட்பாரில்லை. பத்திரிகை கேட்க முடியாது, பாராளுமன்றம் பெயருக்குத்தான். கேட்பாரில்லாததால்தான் ரிகார்ட் செயினை விட்டுப் பல் சக்கரம் போட முடிந்தது. கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது, கணக்குப்பிள்ளை உள்ளே வந்தார். ஒவ்வொரு காரும் நஷ்டம். லாரிக்கோ கிராக்கி.

கடைசியில் எஞ்சினை எளிமையாக்கி, நான்கு கேம்ஷாஃப்ட்டைக் கைவிட்டு, இசட்-103 என்று செய்து பார்த்தார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவே. 1958இல் முடிந்தது. ரிகார்டும் வெளியேறினார், 1974இல் பார்சிலோனாவில் காலமானார்.

ஒரு வருஷம் முன்னால், 1957இல், அதே பார்சிலோனாவில், அதே தேசியத் தொழில் நிறுவனம் தொடங்கிய சியாட் என்ற கம்பெனியிலிருந்து ஒரு குட்டிக் கார் வந்தது. சியாட் 600. இத்தாலியின் ஃபியட்டைப் பார்த்துச் செய்தது. நுட்பம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை ஏறிக் கடற்கரைக்குப் போகலாம். 1973 வரைக்கும் கிட்டத்தட்ட எட்டு லட்சம் செய்தார்கள். ஒரே முதலாளியின் இரண்டு பிள்ளைகள்: ஒன்று 85, ஒன்று எட்டு லட்சம்.

அப்படியானால் இசட்-102 வீண் செலவா? ரேஷன் வரிசையில் நின்றவளிடம் கேட்டால் ஆமாம் என்பாள், அவளை மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. அது ஒரு சர்வாதிகாரியின் மீசை. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பல் சக்கரத்தை வெட்டிய கை லாரிக்குப் போனது. பெகாசோ லாரியும் பஸ்ஸும் அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஓடின. 1990இல் இத்தாலியின் இவெக்கோ நிறுவனம் எனாசாவை வாங்கும்வரை. அந்தக் கையின் பெயர் எந்தக் காரிலும் பொறிக்கப்படவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

லா சாக்ரேரா தொழிற்சாலை இப்போது இல்லை. இடித்துவிட்டுப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். பூங்காவுக்குப் பெயர் பெகாசோ பூங்கா. அந்தப் பேட்டைப் பிள்ளைகள் அங்கேதான் பந்து விளையாடுகிறார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். அதற்குள்ளும் பல் சக்கரம்தான், ஐயா. வணக்கம்.