பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள், நான் செய்வது சரியா?

வணக்கம். இந்த வாரம் ஓசூரில் இருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். அவருக்கு ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவில் வேலை. மாதத்தில் பாதி நாள் சேலம், ஈரோடு, திருப்பூர் என்று வெளியூர் அலைச்சல். கூட வேலை பார்ப்பவர்கள் பஸ்ஸில் போய்விட்டு வாடகைக் கார் பில் வைக்கிறார்கள். 900 ரூபாய் லாட்ஜில் தங்கிவிட்டு 1,800 ரூபாய்க்கு பில் வாங்குகிறார்கள். இவர் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்கிறார். அதனால் ஆபீஸில் இவருக்கு 'பிழைக்கத் தெரியாதவன்' என்று பெயர். மேனேஜரே கூப்பிட்டு, "எல்லார் பில்லோடும் ஒத்துப்போகிற மாதிரி போடப்பா" என்று சொல்லிவிட்டாராம். வீட்டில் மனைவியும், "ஊரே செய்கிறது, நமக்கு மட்டும் என்ன வந்தது?" என்று கேட்கிறார். "ஐயா, நான் செய்வது சரியா, இல்லை உலகம் தெரியாமல் இருக்கிறேனா?" இதுதான் கேள்வி.

தம்பி, நான் ஆடிட்டராக இருந்தவன். ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் டூர் பில்லைப் பார்த்துத்தான் என் வீட்டில் உலை கொதித்தது. அதனால் தத்துவத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் பில்லைப் பற்றிப் பேசுவோம்.

ஒரே வாரத்தில் ஈரோட்டுக்குப் போன இரண்டு பேரின் பில் என் மேஜைக்கு வந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒருவர் அறைக்கு 900, இன்னொருவர் 1,800. உடனே கேள்வி வரும். எல்லாருமே 1,800 என்று வைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஈரோட்டில் வாடகை அவ்வளவு ஆகிவிட்டது போல என்று டிக் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவோம். இப்போது புரிகிறதா, உங்கள் மேல் ஏன் இத்தனை கரிசனம் என்று? உங்கள் 900 ரூபாய் பில் அவர்கள் எல்லாருக்கும் வினை. 'பிழைக்கத் தெரியாதவன்' என்று கேலி செய்தால் நீங்கள் கூச்சப்பட்டு வழிக்கு வந்துவிடுவீர்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டமாகத் தப்பு செய்கிற இடத்தில் இந்தக் கேலி தானாகவே கிளம்பிவிடும். எத்தனையோ ஆபீஸில் பார்த்தாயிற்று.

சரி, 'ஊரே செய்கிறது' என்கிறாரே உங்கள் மனைவி, அதற்கு வருகிறேன். 2019-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை எடுத்துக்கொண்டு போய், வங்கி, ஹோட்டல், தபால் நிலையம் மாதிரி இடங்களில் வரவேற்பில் இருப்பவரிடம், "வெளியே கிடந்தது" என்று கொடுத்துவிட்டு வந்தார்கள். உரியவரின் முகவரி உள்ளே இருந்தது. சிலதில் பணம் இருந்தது, சிலதில் இல்லை. இந்தியாவும் அதில் உண்டு. பணம் இல்லாத பர்ஸுக்கு 100-க்கு 40 பேர் உரியவரைத் தொடர்புகொண்டார்கள். பணம் இருந்த பர்ஸுக்கு 51 பேர். நாமாக இருந்தால் தலைகீழாகத்தானே ஊகித்திருப்போம்? பொருளாதார நிபுணர்களாலும் இதைச் சரியாக ஊகிக்க முடியவில்லை. பாதிப் பேர் வாய் திறக்கவே இல்லை என்பதும் இதே ஆய்வில்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் 'ஊரே' என்பது பொய். உங்கள் பிரிவில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, இதெல்லாம் சின்ன விஷயம்தானே என்ற வாதம். 900 ரூபாயில் கம்பெனி மூழ்கிவிடுமா? மூழ்காது, ஒத்துக்கொள்கிறேன். நான் பயப்படுவது கம்பெனிக்காக அல்ல. சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தத் தொகையைத்தான் எல்லாரும் பேசினார்கள். என் கண் அதற்கடுத்த வரிகளில் நின்றது. உண்மையான லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் ஆரம்பத்தில் சின்ன வித்தியாசம்தான் இருந்தது, வருடா வருடம் வளர்ந்து கைமீறிப் போய்விட்டது, புலிமேல் ஏறியவன் அதற்கு இரையாகாமல் எப்படி இறங்குவது என்று தெரியாத நிலை என்று எழுதியிருந்தார். 2015-ல் ஹைதராபாத் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்தது, பிறகு மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. தண்டிக்கப்பட்டவர்களில் இரண்டு ஆடிட்டர்களும் இருந்தார்கள். எங்கள் தொழிலுக்கு அதைவிடத் தலைகுனிவு வேறு இல்லை.

டூர் பில்லில் 900 கூட்டிப் போடுகிறவர் எல்லாரும் ராமலிங்க ராஜு ஆகிவிடுவார் என்று பயமுறுத்தவில்லை. முக்கால்வாசிப் பேர் ஆகமாட்டார்கள். ஆனால் பெரிய மோசடி என்று நான் பார்த்தவை எதுவும் பெரிதாக ஆரம்பிக்கவில்லை. கேஷியர் கல்லாவில் இருந்து ஐந்நூறு எடுப்பார், சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று. வைத்தும் விடுவார். அதுதான் ஆபத்து. வைத்துவிட்டதால் அடுத்த மாதம் எடுக்கும்போது கை நடுங்காது. லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதை மூளையை ஸ்கேன் செய்தே பார்த்திருக்கிறார்கள், 2016-ல். தன் லாபத்துக்காகப் பொய் சொல்லச் சொல்ல, உணர்ச்சிகளோடு தொடர்புடைய ஒரு மூளைப்பகுதி காட்டும் சலனம் குறைந்துகொண்டே போனது, பொய்யின் அளவு கூடிக்கொண்டே போனது. நம் பாட்டிமார் ஸ்கேன் இல்லாமலே சொன்னதுதான்.

அதனால் தம்பி, நீங்கள் செய்வது சரி. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் 'சரி' என்று சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு என்ன பிரயோஜனம்? திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகவேண்டுமே.

முதலில் ஒரு பழக்கம். செலவை அன்றன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் வேலை செய்யும். 60 ரூபாய் ஆட்டோ 100 ஆகும், வேண்டுமென்று செய்யாவிட்டாலும் ஆகும். காந்தி 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போனபோது அவருக்கு வயது 19 கூட நிரம்பவில்லை. பஸ் கட்டணம், தபால் செலவு, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை வரைக்கும் எழுதி, தினமும் படுக்கப் போகும் முன் இருப்பைச் சரிபார்ப்பாராம். பிற்காலத்தில் லட்சக்கணக்கில் பொதுப் பணத்தைக் கையாண்டபோது கடன் விழாமல் பார்த்துக்கொண்டதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். சத்தியம், அகிம்சை என்று பெரிய வார்த்தைகளோடு அவரைச் சேர்த்தே பார்த்துவிட்டதால் இந்த நோட்டுப்புத்தகம் நம் கண்ணில் படுவதில்லை. எனக்கு என்னவோ அதுதான் அடிப்படை என்று தோன்றுகிறது. இன்னொன்று, பஸ் டிக்கெட்டை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் அடித்துக் கொடுக்கும் டிக்கெட்டில் எழுத்து சீக்கிரமே மங்கிவிடும். அப்புறம் வெள்ளைத் தாளைத்தான் பில்லோடு பின் அடிக்க வேண்டும்.

லாட்ஜில் கணக்கு முடிக்கும்போது பையன் கேட்பான், "எவ்வளவு போடட்டும் சார்?" என்று. எவ்வளவு சகஜமாகக் கேட்கிறான் பாருங்கள், டீயில் சர்க்கரை எவ்வளவு என்பது போல. அங்கே யோசிக்கவே கூடாது. "கொடுத்ததைப் போடுப்பா" என்ற பதில் வாயில் தயாராக இருக்கவேண்டும். யோசிக்க ஆரம்பித்தால் மகளின் பள்ளிக்கூட ஃபீஸ் ஞாபகம் வரும், அப்புறம் கஷ்டம்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கலாம். உங்களுக்கு வரவேண்டியதை ஒரு ரூபாய் விடாமல் வாங்குங்கள். நேர்மையானவர்கள் பலர், ஆட்டோவுக்கு ரசீது இல்லையே என்று கைக்காசைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். அது ஒருநாள் புழுங்கும், "நான் மட்டும் ஏன்" என்று கேட்கும். ரசீது இல்லாத சில்லறைச் செலவை நாமே கையெழுத்துப் போட்ட வவுச்சரில் எழுதிக் கொடுக்கப் பல கம்பெனிகளில் அனுமதி உண்டு. அதேபோல, சில இடங்களில் நாளுக்கு இவ்வளவு பேட்டா என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள், பில்லே கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் 900 அறையில் தங்கி மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதில் ஒரு தப்பும் இல்லை. அது கம்பெனி தெரிந்தே கொடுத்த பணம். உங்கள் கம்பெனியில் பில் முறை இருப்பதால்தான் இந்தத் தகராறு. கம்பெனி கொடுப்பது போதவில்லை என்றால் நாலு பேராகச் சேர்ந்து, பேட்டா முறைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கேளுங்கள். கேலி செய்கிறவர்களில் பாதிப் பேர் அதில் உங்களோடு கையெழுத்துப் போடுவார்கள், பாருங்கள்.

மேனேஜர் விஷயம்தான் சிக்கல். அவரிடம் நியாயம் பேசாதீர்கள், அடுத்தவர் பில்லைப் பற்றியும் பேசாதீர்கள். "சார், நான் பஸ்ஸில் போனேன், பஸ் டிக்கெட்டைத்தான் வைக்கமுடியும்." அவ்வளவு போதும். குரலை உயர்த்தாமல் ஒரே வாக்கியம். திரும்பக் கேட்டால் அதே வாக்கியம். மற்றவர்கள் பில்லைச் சரிபார்ப்பது உங்கள் வேலை அல்ல, நீங்களாகப் போய்ச் சொல்லவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. கூட வேலை பார்ப்பவர்களின் பில்லில் உங்களை ஒப்புதல் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதுவும் ஈமெயிலில். இதற்கு விலை இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். பதவி உயர்வு தள்ளிப்போகலாம், நல்ல ஏரியாவை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அதைத் தெரிந்துகொண்டே நில்லுங்கள்.

நடுவில் உங்களையும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். வருமான வரிச் சலுகைக்காக ஆபீஸில் வாடகை ரசீது கேட்பார்களே, அப்போது என்ன செய்கிறீர்கள்? அப்பா வீட்டில் இருந்துகொண்டு, ஒரு ரூபாய் கொடுக்காமல், அவர் பெயரில் ரசீது எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுகிறவர்கள் ஏராளம். அப்பாவுக்கு உண்மையிலேயே வாடகை கொடுத்து, அவர் அதைத் தன் வருமானமாகக் காட்டினால் சட்டம் அனுமதிக்கிறது. கொடுக்காமல் எழுதினால் அது பொய் பில்தான். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை என்றால் வீட்டுக்காரரின் பான் எண் கொடுக்கவேண்டும், அதை வைத்தே பிடித்துவிடுகிறார்கள். தவறான தகவல் என்று முடிவானால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரும். நீங்கள் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. டூர் பில்லில் கறாராக இருந்துவிட்டு இங்கே வழுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கேட்டேன்.

கடைசியாக உங்கள் மனைவி. இங்கே உங்கள் பக்கம் முழுசாகச் சாய எனக்கு மனம் வரவில்லை. 1901-ல் காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்து கிளம்பும்போது அங்கிருந்த இந்தியர்கள் தங்கமும் வைரமுமாகப் பரிசு கொடுத்தார்கள். மனைவி கஸ்தூரிபாவுக்கென்றே 50 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பணக் கணக்கு) பெறுமானமுள்ள ஒரு கழுத்து நகை. பொதுச் சேவைக்குக் கிடைத்ததை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்று காந்திக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. எல்லாவற்றையும் ஒரு அறக்கட்டளைக்கு எழுதிவைக்க முடிவு செய்துவிட்டார். முதலில் பிள்ளைகளைச் சம்மதிக்கவைத்து, அப்புறம்தான் மனைவியிடம் வந்தார். அந்த அம்மா அழுதபடியே கேட்டார், நாளைக்கு மருமகள்கள் வந்தால் என்ன செய்வது, உங்களுக்காக இரவு பகலாக நான் உழைத்தது சேவை இல்லையா என்று. என்ன தப்பு அதில்? நியாயமான கேள்விகள். காந்தியே அவை சுருக்கென்று தைத்ததாக எழுதியிருக்கிறார், எப்படியோ சம்மதத்தைப் பிடுங்கிவிட்டேன் என்றும் ஒத்துக்கொள்கிறார். நகைகளைத் திருப்பிக் கொடுத்தது சரி. கேட்ட விதம் சரியில்லை என்பேன். பிள்ளைகளோடு கட்சி சேர்ந்துகொண்டு மனைவியிடம் வருவது என்ன முறை?

உங்கள் வீட்டிலும் அந்த அம்மா கேட்பது 'திருடு' என்று அல்ல தம்பி. மாதக் கடைசியில் பணம் போதவில்லை என்கிறார், அதை இப்படிச் சொல்கிறார். அதற்கு, "நான் நேர்மையானவன்" என்பது பதில் ஆகாது. இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து இரண்டு பேரும் உட்காருங்கள். கைக்காசாகப் போன டூர் செலவு எவ்வளவு, அதில் வவுச்சர் போட்டு வாங்கக்கூடியது எவ்வளவு என்று கணக்கைப் பாருங்கள். மூன்று மாதத்தைக் கூட்டினால் கணிசமாகவே வரும் என்று நினைக்கிறேன். பழைய செலவை எத்தனை நாள் வரை ஏற்றுக்கொள்வார்கள் என்று அக்கவுண்ட்ஸில் கேட்டுவிட்டு, என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

சரி, அடுத்த கேள்வி கோவில்பட்டியில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார், சீட்டுப் பணம் சம்பந்தமாக.