டாங்கி கற்றுத்தந்த துரு

வணக்கம் நண்பர்களே. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சிறு மாடல் கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல், அதைச் சொல்லத்தான் எழுந்தேன். விமானம் கட்டுகிறவர் விமானத்தோடு நின்றுவிடுகிறார், கப்பல்காரர் கப்பலை விட்டு வெளியே வருவதே இல்லை. நானும் பல வருஷம் 1/72, அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள விமானம் மட்டும்தான் கட்டினேன். அந்த அளவில் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம் ஆகிவிடுவான், 11 மீட்டருக்கு மேல் இறக்கை விரிக்கிற ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் ஒரு சாண்கூட வராது. அதிலேயே மயங்கிக் கிடந்தேன்.

விமானம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது நிழல். நிஜ விமானத்தில் தகடுகள் சேரும் இடத்தில் நிழல் விழும். மாடலிலோ அந்தப் பள்ளம் மயிரிழைதான், நிழல் தங்க இடமில்லை, ஆகவே நாமே அதைத் தீட்டவேண்டும். கரும்பழுப்பு எனாமல் பெயிண்டைத் தின்னரில் தண்ணீர்போலக் கரைத்து, தூரிகை நுனியால் கோட்டைத் தொட்டால் போதும், பள்ளம் நெடுகத் தானே ஓடிவிடும். இதைத்தான் வாஷ் என்கிறோம். அதற்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுற்றிலும் கறை படியும்.

அப்புறம் 1/35 டாங்கிக்கு வந்தேன். ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கும் தமியா என்ற மாடல் நிறுவனம், ஜெர்மனியின் பான்தர் டாங்கி மாடலுக்குள் மோட்டாரும் பேட்டரிகளும் அடங்கவேண்டுமே என்று பார்த்து வைத்த அளவு அது. பிறகு டாங்கி என்றாலே அந்த அளவுதான் என்றாகிவிட்டது. துருவை எப்படிக் காட்டுவது என்று டாங்கியில்தான் கற்றேன். முதலில் துருநிறம் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கிற சாதாரண ஹேர்ஸ்பிரே, அதற்கும் மேல் அக்ரிலிக் பச்சைப் பெயிண்ட். ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் நடுவிலுள்ள ஸ்பிரே கரைந்து, பச்சை சில்லுசில்லாகப் பெயர்ந்து வரும். முதல்முறை அப்படிப் பெயர்ந்தபோது ராத்திரி ஒரு மணி, கூப்பிட்டுக் காட்ட வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை!

கப்பல் பொறுமையைக் கேட்கும். 1/700இல் கம்பிக்கயிறு போட, மாடல் பெட்டியில், அதாவது கிட்டில், வரும் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் நூல்போல நீளும். சுடருக்குள் விடாதீர்கள், பற்றிக்கொள்ளும்.

சரி, ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் கண்டம் (Gundam) ரோபோ? 1980இல் பண்டாய் என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனம் தொடங்கிய அந்த ரோபோ கிட்டுகளைச் சிறுவர் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். இன்று வருகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பசையே வேண்டாம், பாகங்கள் நிறத்தோடே வரும். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

பின்மேசையில் என் கண்டம் ரோபோ ஒன்று நிற்கிறது. முழங்காலில் இருக்கும் துரு டாங்கியிலிருந்து வந்தது, மார்புத்தகட்டுக் கோடுகள் ஸ்பிட்ஃபயரிலிருந்து. கையில் எடுத்தே பாருங்கள், ஆண்டெனாவை மட்டும் தொடவேண்டாம், கப்பலுக்கு இழுத்த நூலில் மிச்சம் அது, நேற்றிரவுதான் ஒட்டினேன்.